டின்னில் மீதி பதினேழு சீட்டு

தபிதாவின் வீட்டில் பகடைக்கு இடமில்லை. அவள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா ஜெபமணி மிஷன் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், சித்தூரில் சபைச் செயலாளர். "உருட்டுற சாமானெல்லாம் சூது. சூது என் வாசப்படி தாண்டக் கூடாது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மகளும் சிநேகிதர்களும் ஞாயிறுதோறும் ஆடுகிற 'கிரே ஹார்பர்' விளையாட்டோ, இருபது முகப் பகடை இல்லாமல் ஓர் அடி நகராது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, ஒரு கதையைச் சேர்ந்து சொல்லிக்கொண்டே போக வேண்டும். கப்பல் கவிழுமா, கதவு திறக்குமா என்பதையெல்லாம் பகடைதான் சொல்லும்.

தபிதா லேசுப்பட்டவளா என்ன? வருஷப் பிறப்பன்று சபையில் வேத வசனம் எழுதிய வாக்குத்தத்தச் சீட்டு எடுக்கிற பழைய பிஸ்கட் டின் ஒன்று பரணில் கிடந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதி அதில் போட்டாள். "சீட்டுன்னா பரவால்ல. அப்போஸ்தலருங்களே சீட்டுப் போட்டவங்கதானே" என்றார் நைனா. சிலுவையடியில் சேவகர்கள் இயேசுவின் அங்கிக்குப் போட்டதும் சீட்டுதான் என்று அவள் ஞாபகப்படுத்தவில்லை. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வானேன்?

சபையில் ஒருவர் எடுத்த சீட்டு மறுபடி டின்னுக்குள் போகாது. அதே பழக்கத்தில் இவர்களும் திரும்பப் போடவில்லை. டின் காலியான பிறகுதான் இருபதும் உள்ளே போகும். அங்கேதான் ஆட்டமே மாறியது. பகடையில் ஒன்று விழுந்தவனுக்கு அடுத்த தடவையும் ஒன்றே விழலாம். டின்னில் சின்ன எண் போட்ட கெட்ட சீட்டெல்லாம் போய்விட்டால் உள்ளே நல்லதுதான் பாக்கி. இதை இரண்டு வருஷம் உட்கார்ந்து நாற்பது பக்கத்துக்கு எழுதினாள் தபிதா. தன் பேரைப் போட்டு, விளையாட்டை வெளியிடுகிற கம்பெனிக்கு அனுப்ப வேண்டும் என்று கொள்ளை ஆசை. 'இன்னும் கொஞ்சம் திருத்தணும்' என்று தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கிரே ஹார்பருக்கு மூன்றாம் எடிஷன் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து மேஜையில் யூகம் பறந்தது. திருப்பதி ஆபீசில் தபிதாவுக்குப் பக்கத்து சீட்டுக்காரி ஹரிப்ரியா, "மந்திரவாதிய எடுத்துடுவாங்க, எழுதி வெச்சுக்கோ" என்றாள். குணா எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் திருத்தணிக்காரன். ஆந்திராவில் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை, திருப்பதியில் ரூம். என்ன ஷிப்டாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துச் சித்தூர் வந்துவிடுவான். "டைஸைத் தூக்கிக் கடாசிட்டு நம்ம டின்னைக் குடுக்கப் போறான், பாத்துக்கினே இரு" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து, பிப்ரவரி மாதத்து ஞாயிறு மத்தியானம். பிரியாணி தின்ற கையோடு இருபது சீட்டையும் போட்டு ஆட்டம் ஆரம்பித்து, மூன்று பேரும் ஆளுக்கொரு சீட்டு எடுத்திருந்தார்கள். ஹரிப்ரியாவின் போன் சிணுங்கியது.

"அம்மோ! மூணாவது எடிஷன் வெளியவுட்டுட்டாங்க, ப்ரிவியூ! இங்க பாரு!"

திரையில் ஒரு டின். பக்கத்தில் இருபது சீட்டு. 'எடுத்த சீட்டு திரும்பப் போகாது' என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது. கீழே விளக்கம். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் கிணற்றை மனதில் வைத்துத் தபிதா எழுதியிருந்த வற்றாத கிணற்று உதாரணம்கூட வரிக்கு வரி அப்படியே. மேலும் கீழும் தள்ளித் தள்ளித் தேடினாள். அவள் பேர் எங்கேயும் இல்லை.

அந்த நாற்பது பக்கத்துக்கு இன்னொரு பிரதி ஒரே ஒருவனிடம்தான் இருந்தது. படித்துப் பார்த்துச் சொல் என்று அவளே கொடுத்தது.

"நீதானே குணா?"

"இன்னாது? நானா?"

"மூணு வாரம் முன்னாடியே சொன்னியே! தெரியாமயா சொன்னே?"

"வெளாட்டுக்குச் சொன்னேன் தபி. சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"பொழைக்க வந்த எடத்துல திருடுற புத்தி வேற எப்படிப் பேசும்?"

"தபிதா!" என்று ஹரிப்ரியா கத்தினாள். சொல் வெளியே வந்துவிட்டது. குணாவின் முகம் செத்துப்போனது. கையில் இருந்த வேஷக் காகிதத்தை மேஜைமேல் வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கிப் போனான்.

சத்தம் கேட்டு ஜெபமணி தூக்கக் கலக்கத்தோடு வந்தார். ஹரிப்ரியா போனை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தவரின் முகம் மலர்ந்தது.

"அட! நம்ம அர்ஜிக்குப் பலன் கெடச்சிட்டுதே!"

"இன்னா அர்ஜி, நைனா?"

அவருக்கு அர்ஜி, அதாவது மனு, எழுதுவது மூச்சுவிடுகிற மாதிரி. குழாயில் தண்ணீர் வரவில்லையா, அர்ஜி. சபை மணிக்கயிறு அறுந்ததா, அர்ஜி. பைலைக் கொண்டுவந்து நகலைக் காட்டினார். 'மதிப்பிற்குரிய ஐயா' என்று இங்கிலீஷில் தொடங்கி, தங்கள் விளையாட்டிலிருந்து பகடையை அடியோடு நீக்குமாறு பணிவுடன் கேட்டிருந்தார். கடைசி வரியில், இணைப்பு நாற்பது பக்கம்.

"உன் மேஜை மேலதான் இருந்துச்சி, ஜெராக்ஸ் எடுத்து வெச்சேன். ஆதாரம் வெக்காத அர்ஜி செல்லுமா? யார் எழுதுனதுன்னு திருப்பிக் கேட்டாங்க. சபைப் பிள்ளைங்க எழுதுனது, தாராளமா எடுத்துக்குங்க, பேரு கீரு வாணாம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். சூது ஒழிஞ்சா போதாதாம்மா?"

தபிதாவின் தலையில் இடி விழுந்தது. நாற்பது பக்கம் பறிபோனது அப்புறம்தான் உறைத்தது. முதலில் உறைத்தது குணாவிடம் சொன்ன சொல். மேஜைமேல் இருந்த டின்னை எதற்கென்று தெரியாமலே தூக்கிக்கொண்டு ஹரிப்ரியாவின் ஸ்கூட்டரில் ஏறினாள்.

பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் குணா.

"குணா, நைனாதான் அனுப்பிச்சிருக்காரு. எனக்குத் தெரியாது. நான் சொன்னது மகா தப்பு. மன்னிச்சுடு."

"உங்க நைனாவா?" அவனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் கையைப் பார்த்தான். "எடுத்த சீட்டு திரும்ப உள்ள போவாது தபி. நாப்பது பக்கம் எழுதின ஆளுக்கு நான் சொல்லணுமா?"

"டின் காலியானா போவும்" என்றாள்.

அவன் ஜன்னல் வழியே டின்னை எட்டிப் பார்த்தான். "உள்ள எத்தினி இருக்குது?"

"பதினேழு."

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு எடு. காலியாவட்டும், பாக்கலாம்."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. தபிதா டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பதினேழு ஞாயிறு என்றால் ஜூன் வந்துவிடும். பங்காருபாளையத்து மாங்காய் லாரிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் எடிஷனும் ஜூன் மாதம்தான் கடைக்கு வருகிறது. அதில் என்ன இருக்கும் என்று அவள் இனி யூகிக்க வேண்டியதில்லை. குணா வருவானா என்பதுதான் தெரியவில்லை.