வெல்வெட் மாதா

ஆணி அசையவில்லை. சகாயராணி முக்காலியின் மேல் நின்று படத்தின் சட்டத்தை இரண்டு கைகளாலும் மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காக ஏறி, ஆணியையும் அதில் சுற்றியிருந்த கம்பியையும் ஒன்றாக இறுக்கியிருந்தது. கீழே அவள் கொழுந்தன் சூசை முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றான்.

"அண்ணன் கையால அடிச்ச ஆணி மதினி. லேசுல வராது. செத்த ஆட்டி இழுங்க."

கட்டிலில் அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸின் இடது கை மட்டும் உயர்ந்து, சுவரைக் காட்டியபடி நடுங்கியது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கோணிப்போன வாயில் மிச்சமிருந்த ஒரே சொல் எச்சிலோடு வெளியே வந்தது.

"எ...டு."

"எடுக்குறேன், எடுக்குறேன். பொறுங்க."

வாதம் அடித்த நாளிலிருந்து அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள். செபமாலையை எடுத்துக் கையில் வைத்தார்கள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். நேற்று சாயந்தரம் சாமியார் வந்து கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகும் அந்தச் சொல் ஓயவில்லை. இன்று காலையில் சூசைதான் அவர் விரல் போன திசையிலேயே பார்த்துச் சுவரில் கண்டுபிடித்தான்.

"மாதா படத்தக் கேக்குறாரு மதினி. மூத்த மதினி தச்ச படத்த."

சொல்லும்போது அவன் சகாயராணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

மூத்த மதினி செசிலி, ஸ்தனிஸ்லாஸின் முதல் மனைவி, கன்னியர் மடத்தில் தையல் படித்தவள். அவருக்கு நாகல் நகரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. திண்டுக்கல்லில் பாதி வீடுகளின் கல்யாணப் போட்டோக்களும் சாமி படங்களும் அவர் போட்ட சட்டத்துக்குள்தான் இருந்தன. அவருடைய சொந்த வீட்டில் மட்டும் அச்சுப் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செசிலியின் கைவேலை. உடைந்த கண்ணாடி வளையல்களை விளக்குத் திரியில் காட்டி வளைத்து, ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்த வாசல் திரை. கண்ணாடிப் பெட்டிக்குள் கழுத்தை வளைத்துக்கொண்டிருக்கும் பஞ்சு அன்னம். கிழிந்த பட்டுச் சேலைகளின் சரிகைக் கரையை வெட்டி ஒட்டிய அலமாரித் தட்டுகள். கூடத்துச் சுவரில், கருநீல வெல்வெட்டில் பட்டு நூலால் தைத்த மாதா.

மாதாவின் முக்காட்டிலிருந்து இறங்கி இடுப்புவரை வந்த கூந்தல் மட்டும் நூல் அல்ல. அது செசிலியின் சொந்த முடி. விஷக்காய்ச்சலில் படுத்தபோது கொத்துக் கொத்தாக உதிர்ந்ததைச் சேர்த்து வைத்து, படுக்கையில் சாய்ந்தபடியே தைத்தாளாம். தைத்து முடித்த வாரமே போய்விட்டாள்.

இரண்டாம் தாரமாக வந்த புதிதில் சகாயராணிக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டுக் காதர் பீவி ஒருநாள் கூடத்தில் நின்றுகொண்டு, "அது நூலு இல்ல தாயி, முடி. கிட்டப் போயிப் பாரு," என்றாள். கிட்டப் போய்ப் பார்த்த நாளிலிருந்து சகாயராணி கூடத்தில் உட்கார்ந்து தலை சீவியதில்லை. கண்ணாடிக்குள் ஒற்றை முடி ஒன்று தையலை விட்டு விலகித் தொங்கியது. வருடத்துக்கு வருடம் அது கொஞ்சம் நீண்டுகொண்டே வருவதுபோல இருந்தது. தையல் தளர்கிறது, வேறொன்றுமில்லை என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். மத்தியான வேளையில், வீட்டில் யாரும் இல்லாதபோது வாசல் திரை கலகலவென்று அசைந்தால், காற்றுதான் என்று தெரிந்தும் எழுந்து நின்றுவிடுவாள். வீட்டுக்காரி உள்ளே வரும்போது விருந்தாளி எழுந்துகொள்வது போல.

படத்தை இறக்கலாமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. ஸ்தனிஸ்லாஸ் தன் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டி, படத்துக்கு நேர் கீழே தலைமாடு வரும்படி போட்டிருந்தார். அந்த இடத்தை விட்டு நகராத மனிதரிடம் என்னவென்று கேட்பது?

காரை பொலபொலவென்று உதிர, ஆணி கையோடு பெயர்ந்து வந்தது. சகாயராணி இறங்கி, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, படத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்தாள்.

"இந்தாங்க. அக்கா படம்."

இடது கை படத்தின் மேல் வந்தது. தடவப்போகிறார் என்று நினைத்த சூசை தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். கை தடவவில்லை, தள்ளியது. அந்தக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. படம் கட்டில் சட்டத்தில் இடித்துத் தரையில் விழுந்தது. கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

"சேசுவே! கை நிதானம் இல்லாமப் போச்சே அண்ணே," என்று சூசை குனிந்தான்.

அவர் விழுந்த படத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். படம் இருந்த இடத்தில் சுண்ணாம்பு படாத பழைய சுவர் பழுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சின் இரைச்சல் அடங்கியது. கை மெதுவாக இறங்கிப் போர்வையில் படுத்தது. அந்தச் சொல் திரும்ப வரவில்லை. வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் மூச்சும் நின்றுவிட்டது.

கண்களை மூடுவதற்காகச் சகாயராணி அவர் தலைமாட்டில் குனிந்தாள். குனிந்தவள், அவர் பார்த்த இடத்தைத் தானும் ஒருமுறை பார்த்தாள்.

கட்டிலைத் திருப்பிப் போட்டது வாதம் அடித்த அன்றுதான். ஜன்னல் காற்று முகத்தில் படட்டும் என்று கம்பவுண்டர் சொன்னதால், சூசையும் அவளும் சேர்ந்து தலைமாட்டைக் கால்மாடாக மாற்றினார்கள். அன்று சாயந்தரமே 'எடு' ஆரம்பித்துவிட்டது. அதுவரை படம் அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. படுத்தால் அது கண்ணில் படாத இடம் அந்தக் கூடத்திலேயே அது ஒன்றுதான்.

அவள் விரல்கள் அவர் இமைகளின் மேல் அப்படியே நின்றன.

கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருக்கும்போதே ஜெயமேரி வந்து சேர்ந்தாள். செசிலியின் ஒரே மகள். சாணார்பட்டியில் கட்டிக் கொடுத்திருந்தது; நேற்றே ஆள் அனுப்பியிருந்தார்கள். குதிரை வண்டியிலிருந்து குதித்து, வளையல் திரையைத் தலையாலேயே விலக்கிக்கொண்டு ஓடிவந்து அப்பாவின் காலில் விழுந்தாள். அழுது முகத்தைத் தூக்கியவள் சுவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"எங்கம்மா எங்க?"

சுற்றியிருந்த பெண்கள் சகாயராணியைப் பார்த்தார்கள்.

"அப்பா ஒடம்பு சூடுகூட ஆறல. அதுக்குள்ள எங்கம்மாவ எறக்கிட்டீங்களா சித்தி?"

சகாயராணி வாயைத் திறந்தாள். உன் அப்பாதான் தள்ளிவிட்டார் என்று இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சூசைதான் முன்னால் வந்தான்.

"அப்பாவே கேட்டாரும்மா. எடு எடுன்னு கேட்டு, நெஞ்சுல வாங்கி வச்சுக்கிட்டுத்தான் கண்ண மூடுனாரு."

"கட்டுனவள கடைசி வரைக்கும் மறக்கல பாரு," என்று யாரோ விசும்பினார்கள். வாசலுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அது சொல்லப்பட்டது. மத்தியானம் பெட்டி வந்து இறங்கும்போது, அவர் செசிலியின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிரை விட்டதாக ஆகியிருந்தது.

உடலைக் குளிப்பாட்டி, வெள்ளை ஜிப்பா போட்டுப் பெட்டியில் கிடத்தினார்கள். சூசை படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். விரிசல் விட்ட கண்ணாடியை அவனே கழற்றியிருந்தான்.

"மூத்தவங்க முடி அண்ணன் நெஞ்சோடயே போகட்டும். அதுதான் மொற."

"வேணாம்."

யார் சொன்னது என்று எல்லாரும் திரும்பினார்கள். சகாயராணி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவள் நாலு பேர் முன்னால் 'வேணாம்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அவரு அதக் கேக்கல தம்பி. எடுத்துரச் சொன்னாரு. நீங்களும்தான பாத்தீங்க? தள்ளிவிட்டாரு."

"கை நடுங்கி விழுந்துருச்சு மதினி."

"நடுங்கல."

சூசையின் மனைவி வழியில் ஒரு உறவுக்காரி, "போய்ச் சேந்தவகிட்டயா ஒனக்குப் போட்டி? இன்னைக்காவது விட்டுக் குடும்மா," என்றாள். கூட்டத்தில் 'உச்' கொட்டும் சத்தம் கேட்டது. சகாயராணிக்குக் காதெல்லாம் சுட்டது. பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னைய என்ன வேணாலும் சொல்லிக்கங்க. அது இதுக்குள்ள போகாது."

ஜெயமேரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சூசையிடம் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க சித்தப்பா." படத்தை வாங்கிக்கொண்டு திரும்பினாள். "சித்தி, செத்த உள்ள வாங்க."

உள்ளறையில் கதவைச் சாத்திவிட்டு, படத்தைக் கட்டிலின்மேல் குப்புற வைத்தாள். வசவுக்குத் தயாராகச் சகாயராணி சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"நெசமாவே தள்ளிவிட்டாரா?"

"ம்."

ஜெயமேரி தரையில் உட்கார்ந்தாள். வெளியே செபமாலை ஆரம்பித்திருந்தது.

"ஊசியில முடி கோத்துக் குடுத்தது நாந்தான் சித்தி. அம்மாவுக்குக் கை ஆடும். சீப்புல இருந்து ஒண்ணொண்ணா உருவித் தலகாணி மேல நீட்டி வைப்பாங்க. நான் எச்சியத் தொட்டுக் கோக்கணும். வழுக்கும். அழுவேன். அவுங்க தச்சுக்கிட்டே, 'நான் போனாலும் இதுல இருந்து ஒங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்'னு சொல்லுவாங்க. அப்பாவும் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருப்பாரு."

சகாயராணி மெல்ல அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"படுத்தா போர்வைக்கு வெளிய தலைய நீட்ட மாட்டேன். நீங்க கல்யாணமாகி வந்தப்ப எனக்கு அம்புட்டு சந்தோசம். புது ஆளு வந்துருச்சு, இத எறக்கிருவாங்கன்னு."

"நீயும் கேப்பியேன்னுதான் நான் தொடல."

"நான் அழுவேன்னுதான் அப்பாவும் தொடல போல."

"அப்பறம் ஏன் வந்ததும் அப்பிடிக் கேட்ட?"

"தெரியல சித்தி. வெறுஞ்சுவரப் பாத்ததும் அம்மா எறங்கி எங்கயோ நடந்து போயிட்ட மாதிரி பகீர்னு ஆயிருச்சு."

இருவரும் குப்புறக் கிடந்த படத்தைப் பார்த்தார்கள். அதன் முதுகுப் பலகையில் ஸ்தனிஸ்லாஸ் அடித்த சிறிய ஆணிகள் துருப்பிடித்து வரிசையாக நின்றன.

"மாதா படம். எரிக்க முடியாது. எங்கயும் போடவும் முடியாது," என்றாள் சகாயராணி.

"மாதாவ ஒண்ணும் செய்ய வேணாம். முடிய மட்டும் பிரிச்சுருவோம்."

ஜெயமேரி பாக்குவெட்டியால் ஆணிகளை நெம்பினாள். வெல்வெட் துணி அவர்கள் மடியில் விழுந்தது. சகாயராணி ஊசி முனையால் ஒரு தையலைத் தூக்கினாள். தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒற்றை முடியைப் பிடித்து இழுக்க, அது துணிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. அவள் கை முழு நீளத்துக்குப் போன பிறகும் முடியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அதில் எண்ணெய்ப் பசை இருந்தது. ஜெயமேரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டாள். பிறகு திரும்பி உட்கார்ந்து அவளும் ஒரு ஊசியை எடுத்தாள்.

"என்னம்மா செய்யிறீங்க? நேரமாகுதுல்ல?" என்று சூசை கதவைத் தட்டினான்.

"வாரோம் சித்தப்பா."

கூந்தல் போன இடத்தில் வெல்வெட் முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள். மாதாவின் முகமும் நீல அங்கியும் அப்படியே இருந்தன.

முடியைச் சுற்றத் துணி வேண்டியிருந்தது. சகாயராணி எழுவதற்குள் ஜெயமேரி கட்டிலடியில் கிடந்த சித்தியின் தகரப் பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டாள். உள்ளே மேசைத் துணிகள், தலையணை விரிப்புகள், தாம்பாளத்தை மூடும் வட்டத் துணிகள், எல்லாம் வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் பின்னியவை. மடிப்புகள் மஞ்சளித்திருந்தன. ஒன்றுகூடத் துவைத்ததாகத் தெரியவில்லை.

"யாரு போட்டது இதெல்லாம்?"

"நான்தான். கல்யாணத்துக்கு முன்னாடி."

"ஏன் சித்தி உள்ளயே வச்சுட்டீங்க?"

"வைக்க எங்க எடம் இருந்துச்சு?"

ஜெயமேரி பெட்டியைக் கிளறினாள். சிறிய துணி ஒன்றில் முடியை வைத்து முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இருப்பதிலேயே பெரியதாக, ஓரமெல்லாம் திராட்சைக் கொடி ஓடிய ஒரு விரிப்பை உருவிக்கொண்டு வெளியே போனாள். கூட்டத்தை விலக்கி, அப்பாவின் தலையை ஒரு கையால் தூக்கி, விரிப்பை அடியில் பரப்பினாள். அதன் ஓரம் பெட்டியின் விளிம்புக்கு மேலே வந்து விழுந்தது. அந்த உறவுக்காரி குனிந்து பின்னலைத் தொட்டுப் பார்த்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் செசிலியின் பக்கத்தில் இடம் இல்லை. வேலியோரமாகத்தான் ஸ்தனிஸ்லாஸுக்குக் குழி வெட்டியிருந்தார்கள். சாமியார் லத்தீனில் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்தார். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். கூட்டம் கலைந்து வாசலை நோக்கி நடந்தபோது, சித்தியும் மகளும் மட்டும் பின்தங்கி, நடுவரிசையில் சிமெண்டுச் சிலுவை நட்டிருந்த செசிலியின் கல்லறைக்குப் போனார்கள்.

மண் பாறையாக இறுகிக் கிடந்தது. ஜெயமேரி நகத்தால் கீறிப் பார்த்தாள். குழி வெட்டிய வீரன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தான். சகாயராணி அவனைக் கூப்பிட்டாள்.

"சிலுவைக்கிட்ட ஒரு வெட்டு வெட்டிக் குடுப்பா."

"எதுக்கு தாயி? என்ன வைக்கப் போறீங்க?"

"அவுங்க சாமான்தான்."

வீரன் மண்வெட்டியை ஓங்கினான். வெட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். ஜெயமேரி இடுப்பிலிருந்த முடிச்சை எடுத்துக் குழிக்குள் வைத்தாள். அவள் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னாள் என்று சகாயராணிக்குக் கேட்கவில்லை. இருவரும் நாலு கைகளாலும் மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் அழுத்தினார்கள்.

வாசலருகே சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் இருந்தது. ஜெயமேரி தகரக் குவளையில் மொண்டு ஊற்ற, சகாயராணி கைகளை நீட்டினாள். நகக்கண்ணில் ஏறிய செம்மண் போகவில்லை.

"நான் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போறேன் சித்தி."

"புள்ளைக தேடாதா?"

"அவுக பாத்துக்கிருவாக."

"அப்ப இரு."

ஜெயமேரி இன்னொரு குவளை மொண்டாள். சகாயராணி கையைத் தேய்த்தபடியே வேலிப்பக்கம் பார்த்தாள். காற்று வீசிக்கொண்டிருந்தது. புதிதாகக் குவித்த மண் ஓரத்திலிருந்து ஈரம் காய்ந்து, மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.