சீப்பின் பல் தெரிந்த கேமரா

எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தில் ஒரு தூண் இருக்கிறது. கட்டடத்தைத் தாங்குவதற்காக அது நிற்கிறது என்று பொறியாளர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் காரின் பின்பக்கத்தைப் பதம் பார்ப்பதற்காகவே அதை நட்டார்கள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் ஒரு கோட் கூடுதலாகப் பூசித்தான் பேசுவேன். ஆனால் அந்தத் தூணில் இடுப்பளவு உயரத்தில் ஒட்டியிருக்கும் நீலம் என் காரின் நீலம்தான். அதில் ஒரு துளிகூட மிகை இல்லை.

முன்பு இந்தத் தொல்லை கிடையாது. என் கழுத்து பின்னால் திரும்ப மறுத்துப் பல காலம் ஆகிறது என்றாலும், என் மனைவி இறங்கிப் போய்க் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் வாங்க, போதும்" என்பாள். அவள் போதும் என்ற இடத்தில் நின்றால் தூணுக்கும் காருக்கும் நடுவே ஒரு தபால் அட்டை நுழையும், இரண்டு நுழையாது. பிறகு அவளுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற முடியாமல் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே தூண் என்னை வந்து இடித்தது. அடுத்த வாரம் மறுபடியும் வந்தது.

மேல்மாடியில் குடியிருக்கும் எங்கள் மகள், தன் காரை என் காருக்குப் பக்கத்தில்தான் நிறுத்துவாள். அவள் கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, இன்னொரு கீறல் விழுந்தா சாவியை என்கிட்ட குடுத்துடணும்."

"எந்தக் கார்ல?"

"எந்தக் கார்ல விழுந்தாலும்."

"தூண்ல விழுந்தா?"

"அப்பா."

அந்த ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு முடிந்தது. சாவி போனால் எனக்கொன்றும் குடி முழுகிவிடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளே கலங்கித்தான் போனேன். பஸ் படி ஏற முடியாத என் மனைவிக்கு, மாலையில் ஏரிக்கரைச் சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகிற அந்த ஒரு சுற்றுதான் வெளியுலகம். சாவியோடு அதுவும் போய்விடும்.

ஆகவே, பின்பக்கக் கேமரா. அதிலும் மலிவானது. என் காருக்கு ஆகிவிட்ட வயதில், கொஞ்சம் உசத்தியான கேமராவை வாங்கினால் கேமராவுக்குக் கார் இலவசம் என்று ஆகிவிடும்.

கார் உதிரிபாகக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் முதலில் எடுத்து வைத்தது, பட்டுப்புடவை போலப் பெட்டிக்குள் பெட்டியாக வந்த ஒன்றை. நாலு பக்கமும் காட்டும், பேசும், இருட்டில் பூனைக்கண் போலத் தெரியும் என்றார்.

"அம்மா, இதைப் போட்டீங்கன்னா சார் கண்ணை மூடிக்கிட்டே ரிவர்ஸ் எடுக்கலாம்."

"அதைத்தான் இப்பவே செய்யறாரே," என்றாள் என் மனைவி. "அந்தச் சின்னப் பெட்டிங்க எல்லாத்தையும் எடுங்க. விளக்கை அணைங்க."

இங்கே அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெறும் வரை அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவளாக இருந்தாள். கறுப்புக்குள் இருக்கும் இன்னொரு கறுப்பை அவள் கண் பிரித்துவிடும். நான் மனதில் நினைத்துக்கொண்டிருக்கும் பொய்யின் நிழல் முகத்தில் விழுவதற்குள் படித்துவிடுவாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கைப்பையைக் கல்லா மேஜையில் வைத்தாள். அதன்மேல் தன் கறுப்புச் சீப்பை வைத்தாள். ஒவ்வொரு கேமராவாக ஒரே திரையில் இணைக்கச் சொன்னாள். பட்டுப்புடவைக் கேமராவில் கடைக்காரரின் சட்டை கல்யாண மண்டபம் போல ஜொலித்தது. பையும் சீப்பும் சேர்ந்து ஒரே இருட்டுக் குழி. அடுத்ததில் பை தெரிந்தது, சீப்பு இல்லை. ஓர் அழுமூஞ்சிப் பெட்டியிலிருந்து வந்த குட்டிக் கேமராவில் நிறமே சரியில்லை, எல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ஆனால் சீப்பின் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

"பாத்தீங்களா," என்றாள். "தூணுக்கு என்ன, லிப்ஸ்டிக்கா போட்டிருக்கு? ஓரம் தெரிஞ்சா போதும்."

அதோடு விட்டாளா? கடைக்காரர் குடிக்க வைத்திருந்த தம்ளர் தண்ணீரில் அந்தக் கேமராவை இணைப்போடு அப்படியே முக்கினாள். கடைக்காரருக்குப் பாதி உயிர் போனது. திரையில் தம்ளரின் அடியில் இருந்த கீறல் தெரிந்ததும்தான் திரும்பி வந்தது. எனக்கோ, அந்தக் கடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, இவள் மிச்சமிருக்கும் சாமான்களையும் சோதிப்பதை நாளெல்லாம் பார்க்கலாம் போலிருந்தது.

கடை வாசலிலேயே மாட்டினார். திரை காரின் உள்கண்ணாடிமேல் உட்கார்ந்துகொண்டது. பின்னால் எதிர்க்கடைப் பலகை தெரிந்தது, எழுத்தெல்லாம் இடவலம் மாறி. என் மனைவியின் முகம் சுருங்கியது.

"படத்தைத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"ரிவர்ஸ் கேமரான்னா கண்ணாடியில பாக்கற மாதிரி இப்படித்தாம்மா வரும். எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்."

"எல்லாருக்கும் தப்பாவா போடறீங்க? எழுத்து நேரா இல்லைன்னா படம் தப்பு."

அவள் வேலை அப்படி. ஒவ்வொரு எக்ஸ்ரே படத்தின் மூலையிலும் ஈயத்தில் செய்த சின்ன எழுத்து ஒன்று விழும்படி வைப்பாள். அந்த எழுத்து திரும்பியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. டாக்டர் நல்ல காலை அறுத்துவிடுவார். திரும்பிய எழுத்தைக் கண்டால் இன்றைக்கும் அவளால் சும்மா இருக்க முடியாது.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டு, வளையம் போலிருந்த ஒரு பச்சை வயரைக் கத்தரித்தார். எழுத்து நேரானது. அவளும் மலர்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் கீழே தன் காரருகில் நின்றிருந்தாள், பரீட்சை ஹாலில் மேற்பார்வையாளர் போல. நான் ரிவர்ஸ் போட்டேன். திரையில் தூண் வலது பக்கம் வந்தது. என்ன தெளிவு. நான் ராஜகம்பீரமாக இடது பக்கம் ஒடித்தேன். தூண் விலகவில்லை, பெரிதானது. இன்னும் ஒடித்தேன். இன்னும் பெரிதானது. பக்கக் கண்ணாடியைப் பார்த்திருக்கலாம். புதுத்திரை வந்தபின் அதை யார் சீந்துகிறார்கள்?

"நிறுத்துங்க," என்றாள் என் மனைவி மெதுவாக. நிறுத்தினேன்.

"பொண்ணு எந்தப் பக்கம் நிக்கறா?"

"வலது பக்கம்."

"படத்துல?"

இடது பக்கம் நின்றிருந்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"வேலையில இருந்தவரைக்கும் ஒரு படத்தைத் திருப்பி விட்டதில்லை. இன்னைக்கு ஒழுங்கா இருந்ததைத் திருப்பிட்டேன்."

"என்னப்பா, ஏன் நின்னுட்டீங்க?" என்று மகள் நகர்ந்தாள்.

"அப்பா கழுத்தைச் சொடுக்கறார். நீ அங்கேயே நில்லு," என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம், "நீங்க படத்தைப் பாக்காதீங்க, ரோடு பாக்கற மாதிரி முன்னாடி பாருங்க. எக்ஸ்ரேல என் இடது பக்கம் தெரியறது பேஷண்டோட வலது கை. அப்படியே படிச்சுப் பழக்கம் எனக்கு. நீங்கதான் இப்ப பேஷண்ட்."

"வலிக்குமா?"

"பேசினா வலிக்கும். கொஞ்சம் முன்னாடி போங்க. போதும். வலது பக்கம் ஒடிங்க. வாங்க. இன்னும் வாங்க. நேராக்குங்க. வாங்க."

மூச்சு விடாமல் வந்தேன். அவள் குரலில் அவசரமே இல்லை, யாரோ ஒருவரின் முதுகெலும்பை மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு போகிறவள் போல.

"போதும்."

மகள் செல்போன் வெளிச்சத்தில் தூணுக்கும் காருக்கும் நடுவே குனிந்தாள். கையை நுழைத்துப் பார்த்தாள். எழுந்தாள்.

"பரவாயில்லையேப்பா. என்ன கேமரா இது?"

"கடையிலயே மட்டமானது," என்றேன். "சீப்புப் பல் எல்லாம் தெரியும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியைப் பற்றிப் பேசாமல் மேலே போய்விட்டாள்.

பச்சை வயரை ஒட்டிவிட வேண்டும் என்று என் மனைவி அவ்வப்போது நினைவுபடுத்துகிறாள். கடைக்காரர் ஊரில் இல்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஏரிக்கரைக்குத் தினமும் அவர் கடை வழியாகத்தான் போகிறோம். ஊரில் இல்லாத அந்த மனிதர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைக்கிறார். அவளும் கண்ணாடியை இறக்கி, பதிலுக்குக் கையசைக்கிறாள்.