அவகிட்ட சொல்லிடாதீங்க

சட்டைத் தொழிற்சாலையில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. தையல் விட்ட இடம், கோணிய காலர், எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைக்க முடியுமா?

"வயித்துல குழந்தை எடை ஏறலை. மனசை நிம்மதியா வச்சுக்கங்க" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் சிரிக்கத் தொடங்கினார்கள். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர், சிரித்தே பழக்கமில்லாதவர், அவரும் சிரித்தார். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் அத்தை போனை வைத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, நீ போய்ப் படு" என்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம் எனக்கு வாய்த்தது.

மறைக்கிறார்கள் என்றால் குழந்தைக்குத்தான் ஏதோ. ஸ்கேனில் எதையோ பார்த்துவிட்டு டாக்டர் இவர்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலும் பேய் தெரிந்தது. தூக்கம் போனது. சோறு தட்டிலேயே மிஞ்சியது. வயிற்றில் அசைவு சற்று ஓய்ந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த பரிசோதனையிலும் எடை ஏறவில்லை. வீட்டில் இன்னும் அகலமாகச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். "என் குழந்தைக்கு என்ன, அத்தை? சொல்லாம விடமாட்டேன்."

அத்தையின் சிரிப்பு அப்படியே வடிந்தது. "குழந்தைக்கு ஒண்ணுமே இல்லம்மா. உங்க அம்மாவுக்குத்தான் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில இருக்காங்க, தேறிட்டு வராங்க. போன்ல உங்கிட்ட பேசினதெல்லாம் அங்க படுத்துக்கிட்டுத்தான். நீ கவலைப்பட்டா குழந்தைக்கு ஆகாதுன்னு..."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மாவுக்காக அழுதேன். குழந்தைக்கு இல்லையே என்று மனம் லேசானது. லேசானதற்காக இன்னும் அழுதேன்.

அம்மாவைப் பார்க்க நானும் அவரும் பஸ்ஸில் போனோம். எடை ஏறாதது என்னவோ ஏறாததுதான். "ஏங்க, நம்ம குழந்தை நல்லபடியாப் பொறக்குமா?" என்று கேட்டேன்.

'ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல அவர் வாய் குவிந்தது. சொல்லவில்லை. "தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார்.

அவர் தோளில் சாய்ந்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல் தூங்கியிருக்கிறேன். எழுப்ப மனம் வராமல் அவரும் கடைசி நிறுத்தம்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.