பன்னிரண்டு மணி வரை மின்வெட்டு

பெட்டியின் மூடியைக் கழற்றியதும் முதலில் வெளியே வந்தது வாசம்தான். எரிந்த ரப்பரும் ஈரச் சாம்பலும் கலந்த வாசம். இரண்டு மாதம் கழிந்தும் அது உள்ளே அப்படியே குடியிருந்தது. ஸக்கியா மூக்கைச் சுளிக்கவில்லை. கழற்றிய ஆணிகளைத் தேநீர்ச் சோசரில் போட்டு, சோசரைக் கைக்கெட்டும் தூரத்தில் தள்ளி வைத்தாள்.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் மே மாதத்தில், கடுகண்ணாவைக் கணவாய்க்குக் கீழே அவர்கள் இருந்த ஊரில் முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வந்தது. பின்னேரம் வரைக்கும் ஒன்றும் நடக்காது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய வாப்பா அஸீம் அதை நம்பி, முன்கதவை மட்டும் பூட்டிவிட்டு மதியம் லுஹர் தொழப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கம்பியூட்டர் கடைக்குக் கூரை இல்லை. மேசைக்கு அடியில் இருந்த ஒரேயொரு கம்பியூட்டர் பெட்டியை மட்டும், மேலே விழுந்த தகரம் மூடிக் காப்பாற்றியிருந்தது. அதைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வாப்பா, உம்மா, ஸக்கியா மூன்று பேரும் கண்டிக்கு வந்து, உம்மாவின் அண்ணனான மாமா சாஹுல் ஹமீதின் வீட்டு மேல்மாடியில் தங்கினார்கள்.

அன்றிலிருந்து வாப்பா பேசுவது குறைந்து போனது. கேட்டதற்கு "ம்" என்பார். காலையில் சாரத்தோடும் பனியனோடும் மேல்மாடி விறாந்தையில் உட்கார்ந்தால், எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே பொழுது போய்விடும். சட்டை போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

வீட்டுக்குக் கீழே, மஹய்யாவ வீதியைப் பார்த்தபடி மாமாவின் கொமியூனிகேஷன் கடை இருந்தது. வெளிநாட்டுக்கு ஃபோன் பேசலாம், ஃபோட்டோ கொப்பி எடுக்கலாம், அடையாள அட்டைக்கு லெமினேட் போடலாம். கடையின் வலது பக்கத்தில் கண்ணாடி அடைத்த ஒரு மூலை சும்மா கிடந்தது.

"மச்சான், அந்த மூலைய உங்களுக்கே தாறேன்" என்று மாமா வாப்பாவிடம் சொல்லியிருந்தார். "ஆனா இந்தப் பெட்டியிலிருந்து ஈமெயில் போகுதுன்டு எனக்குக் காட்டணும். செல்ஃபோன் விக்கிற ஒரு ஆள் ரெண்டு மாசமா அந்த மூலைய கேட்டுட்டு ஈக்கான். வெள்ளிக்கிழம ஜும்ஆவுக்குப் பொறகு வாறான். இனி அவனுக்குச் சொல்ல என்கிட்ட பொய் மிச்சமில்ல."

வாப்பா "ம்" என்றார்.

மூலை கிடைத்தால் வாப்பா காலையில் சட்டை போட வேண்டியிருக்கும். ஸக்கியாவுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவள் ஆசை என்று நினைக்கவில்லை. செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் ஒன்றாக நினைத்தாள்.

இன்றைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை. மணி பத்தரை. மாமா வாப்பாவின் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்து ஒரு கதிரையில் உட்கார வைத்திருந்தார். வாப்பா முழங்கால்களில் கைகளை வைத்துக்கொண்டு வீதியைப் பார்த்தார். மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்ததால் பகுதி பகுதியாக மின்வெட்டு நடந்தது. கடை இருட்டாக இருந்தது. ஸக்கியா மேசையைக் கதவோரம் இழுத்து, பகல் வெளிச்சத்தில் வேலை செய்தாள்.

இன்னொரு கதிரையில் ஸ்ரீஸ்கந்தராசா இருந்தார். கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் இருக்கும் மகளுக்கு ஈமெயில் அனுப்ப மூன்று நாளாக வந்து போகிறார். வேறு கடைக்குப் போகலாம். போகவில்லை. இங்கே பத்திரிகை இலவசம்.

"பன்னிரண்டு மணி வரைக்கும் கரண்ட் இல்லை" என்று அவர் பத்திரிகையைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து வாசித்தார். "கவுண்மேந்து போட்ட நேரம் பிள்ளை. ஒரு நிமிசம் பிசகாது. நான் இருந்த கந்தோரிலை அப்பிடித்தான்."

"உங்கட கந்தோர்ல ஆக்கள் வந்த நேரத்தச் சொல்றீங்களா, போன நேரத்தச் சொல்றீங்களா?" என்றார் மாமா.

"போன நேரம் சரியா இருக்கும்" என்று ஸ்ரீஸ்கந்தராசா சிரிக்காமல் சொன்னார்.

ஸக்கியா வளையலைக் கழற்றி வைத்தாள். பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கினாள். வாப்பாவுக்குப் பக்கத்தில் அவள் டோர்ச் பிடித்து நின்ற நாட்களில் ஆயிரம் முறை பார்த்தது. பிறகு எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியதை இரண்டு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"மாமா, ப்ளக்கக் கழட்டணும்."

"கரண்டே இல்லயே மகள். எனத்துக்குக் கழட்டுற?"

"வாப்பா எப்பவும் கழட்டுவாங்க."

ப்ளக்குகள் எல்லாம் பெரிய அலுமாரிக்குப் பின்னால், சுவரோரம் இருந்தன. மாமா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து, முகத்தை இந்தப் பக்கம் திருப்பியபடியே கையால் துழாவினார்.

"மூணு வயர் ஈக்கு. எல்லாம் கறுப்பு. இந்தா, கழட்டிட்டேன். கரண்ட் இல்லாத நேரம் எந்த வயர்னா என்ன?"

அவள் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மாமாவை இன்னொரு தரம் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

பழைய மோடம் கார்டை எடுப்பது லேசாக இருக்கவில்லை. ஃபோன் லைனைக் கம்பியூட்டருக்குள் கொண்டுவருவது அந்தக் கார்ட்தான். தீயில் ஃபோன் வயர் உருகி, கார்டின் வாயோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு சாண் நீளமான கறுத்த வால் போல அது தொங்கியது. ஆணியைக் கழற்றி, இரண்டு முனையையும் பிடித்து நேராக மேலே இழுத்தாள். கார்ட் வந்தது. விரல்களில் கரி ஒட்டியது. வர்ணம் பூசும் தூரிகையால் உள்ளே இருந்த சாம்பலை மெல்ல ஒதுக்கி வெளியே தள்ளினாள். சாம்பல் பத்திரிகைத் தாளில் சின்னக் குவியலாகச் சேர்ந்தது. கடையின் எந்தப் பொருளுடைய சாம்பல் என்று யோசித்துப் பார்த்தாள். மனதில் ஒன்றும் அசையவில்லை. தாளை மடித்துக் கூடையில் போட்டாள்.

ஸ்ரீஸ்கந்தராசா மூக்கை உறிஞ்சினார். "எண்பத்தி மூண்டுக் கலவரத்திலை எரிஞ்ச எங்கட வீட்டுச் சாமானிலையும் இந்த மணம்தான். போகும். மூண்டு மழை வேணும்."

அவர் பத்திரிகையைத் திருப்பினார்.

புதுக் கார்டை உறையிலிருந்து எடுத்தாள். அடிப்பக்கத்துப் பொன்னிறப் பற்களில் விரல் படாமல் ஓரங்களில் மட்டும் பிடித்தாள். வெள்ளைப் பள்ளத்துக்கு நேராக வைத்து, இரண்டு பெருவிரல்களாலும் ஒரே சீராக அழுத்தினாள். ஒரு முனை உள்ளே போனது. மறுமுனை போகவில்லை. பள்ளத்தில் கரி அடைத்திருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

அப்போது கடை முழுக்க வெளிச்சம் வந்தது.

டியூப்லைட் இரண்டு தரம் துடித்துப் பற்றியது. மின்விசிறி சுழன்றது. மாமாவின் ரேடியோ பாதிப் பாட்டிலிருந்து கத்தத் தொடங்கியது. வீதியில் யாரோ சந்தோஷத்தில் கூவினார்கள். சுவர்க்கடிகாரம் பதினொன்று ஐந்து என்றது. பெட்டிக்குள்ளே, அவள் பெருவிரலுக்குப் பக்கத்தில், கடுகளவில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

மாமா கழற்றியது லெமினேட் மெஷினின் ப்ளக்.

கார்ட் பாதி உள்ளே, பாதி வெளியே. ஸக்கியா பச்சை விளக்கைப் பார்த்தாள். பயம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. கார்டை வெளியே இழுக்கலாம் என்று கை நினைத்தது.

"ஸக்கியா."

இரண்டு மாதமாக அந்தக் குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"இழுக்காத. அப்படியே விட்டுட்டுக் கைய எடு."

வாப்பா எழுந்திருந்தார். அலுமாரிக்குப் பின்னால் நுழைய இடம் போதாமல் தரையில் படுத்து, அதன் அடியில் கையை விட்டு ப்ளக்கைப் பிடுங்கினார். பச்சை விளக்கு மங்கி, கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்து, அணைந்தது. அவர் எழுந்து வந்தபோது தொப்பியில் ஒட்டடை தொங்கியது.

"பட்டன ஒருக்கா அமுக்கு. மிச்சக் கரண்ட் இறங்கட்டும்."

அவள் அமுக்கினாள். பள்ளத்தைத் தூரிகையால் துடைத்தாள். கார்டை மறுபடியும் அழுத்தினாள். இந்தத் தரம் இரண்டு முனையும் உட்கார்ந்தன. ஆணியைப் போட்டாள். வாப்பாவே போய் ப்ளக்கைக் குத்திவிட்டு வந்தார். இரவல் திரையில் எழுத்துகள் ஓடின. பெட்டி உயிரோடுதான் இருந்தது. ஆனால் புதுக் கார்ட் ஒன்று வந்திருப்பதாக அது சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் பார்த்தார்கள். நிறுத்தி மீண்டும் ஏற்றினார்கள். சொல்லவில்லை.

"போச்சா?" என்றார் மாமா. ரேடியோவை நிறுத்தினார். அவருடைய முகம் வியர்த்திருந்தது. "நான்தான் செஞ்சேன். நான் பாத்துக் கழட்டீக்கணும்." பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "மச்சான், அந்த ஆளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நான் என்ன செய்ய?"

வாப்பா பெட்டியை நிறுத்திவிட்டு மீண்டும் தரையில் படுத்தார். ப்ளக்கைக் கழற்றிக் கையிலேயே கொண்டு வந்து, எல்லோரும் பார்க்க மேசை மேல் வைத்தார். சட்டத்தைத் தொட்டார். கார்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார்.

"கார்டுக்கு ஒண்டுமில்ல. அந்தப் பள்ளம் செத்திருக்கு. இன்னொரு பள்ளம் ஈக்கு."

பக்கத்துப் பள்ளத்தின் கரியை ஊதாமல், தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுத்தார். எச்சில் படும் என்று அவர் ஒருபோதும் ஊதுவதில்லை. கார்டைப் பள்ளத்துக்கு நேராக வைத்தார். இரண்டு பெருவிரல்களும் ஒன்றாக இறங்கின. 'டக்' என்று சின்னச் சத்தம்.

ஸக்கியா சோசரிலிருந்து ஆணியை எடுத்து நீட்டினாள்.

பதினொன்று ஐம்பதுக்குத் திரை புதுக் கார்ட் வந்திருக்கிறது என்றது. அதற்கான மென்பொருள் தட்டை ஏற்றி, ஃபோன் வயரைச் செருகினார்கள். மோடம் ஃபோன் எண்களை அழுத்தி, பிறகு கீச்சென்று கத்தி இரைந்தது. சகிக்க முடியாத அந்தச் சத்தம் நின்றபோது லைன் பிடித்திருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்ற மாமா, லேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். "அந்த ஆளுக்கு இன்னும் ஒரு பொய் தேடணும்."

"மூலைய குடுத்துட்டன் எண்டு உண்மையைச் சொல்லுமன் ஐசே" என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"உண்மையச் சொன்னா அவன் நம்ப மாட்டான்."

மாமாவும் வாப்பாவும் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார்கள். வாப்பாவின் விரல்களில் கரி இருந்தது. பள்ளிவாசலில் கைகால் கழுவி வுழூ செய்யும்போது போய்விடும் என்று ஸக்கியா நினைத்தாள்.

ஸ்ரீஸ்கந்தராசா கதிரையை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவள் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாள்.

"இங்கை நாங்கள் எல்லாரும் சுகம். ஒரு கரைச்சலும் இல்லை. போட்டிட்டீரே?"

"போட்டுட்டேன்."

"கரண்டும் இருக்கு எண்டு போடும்."

போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் கடைக் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாப்பா வந்தார். நீலச் சட்டை போட்டிருந்தார். ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது.

"இண்டைக்கு எத்தன மணிக்குக் கரண்ட் போகுதாம்?"

அவள் பத்திரிகையைப் பார்த்து, "ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு" என்றாள்.

அவர் உம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்து வந்த சிவப்புத் துணித் துண்டோடு அலுமாரிக்குப் பின்னால் படுத்து, கம்பியூட்டர் பெட்டியின் வயரில் அதை இறுக்கிக் கட்டினார். கட்டியதை இழுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, கண்ணாடி மூலைக்குள் போய் உட்கார்ந்தார்.

ஸக்கியா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தாள். இன்னும் வரவில்லை. வாப்பாவுக்கு ப்ளேன்டீ ஊற்ற மேலே போனாள்.