வடக்கு வரிசைக் கதவுகள்

தெருவுக்குத் தார் போட்ட வருடத்திலிருந்து, தெற்கு வரிசைக்காரர்கள் வடக்கு வரிசை வீட்டுக் கதவுகளைத் தட்டினால் சத்தம் வருவதில்லை. வடக்கிலிருந்து வந்து தெற்கே தட்டினாலும் அப்படித்தான். ஆனால் அப்படி யாரும் வந்து தட்டாததால் அது தெரியவர வெகுகாலம் ஆனது. விரல் மரத்தில் படும், வலிக்கும், ஒலி எழாது. அழைப்பு மணி ஊமையாகிவிடும். கத்தினால் குரல் வாசற்படியோடு நின்றுவிடும். தொலைபேசியிலும் இதே கதைதான். இரண்டு வரிசைக்கும் சண்டை எதுவும் இல்லை. ஏணி இரவல் போய் வரும், எதிரே பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். கொஞ்ச நாளில் விதி பிடிபட்டது: அந்த வீட்டுக்குள் ஒரு தடவையாவது விருந்தாளியாக உட்கார்ந்திருக்க வேண்டும். வேலைக்குப் போனது கணக்கில் சேராது. டாக்டர் வீட்டுத் தேக்குக் கதவைச் செய்து மாட்டியதே தெற்கு வரிசைத் தச்சர்தான். அவர் தட்டினாலும் கேட்காது. "நான் பெத்த கதவு, என்கிட்டயே வாயத் திறக்க மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரிப்பார். யாராவது வெளியே வரும்வரை தெருவோரம் காத்து நிற்பது எல்லோருக்கும் பழகிவிட்டது.

டாக்டரின் மனைவியை டாக்டரம்மா என்பார்கள். அவள் படித்தது என்னவோ கணக்கு. வாரத்தில் ஒரு நாள் மதியம் அவள் மாடியில் நின்று, "அளவு எடுக்கணும், வா" என்று எதிர்வீட்டு வாசலில் காத்திருக்கும் தையல்காரியைக் கூப்பிடுவாள். சும்மா சாத்தியிருக்கும் கதவைத் தள்ளிக்கொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி உள்ளே போவாள். "டாக்டரம்மா உடம்பு வாரத்துக்கு ஒரு சைஸ் போல" என்று அவள் புருஷன், வேன் ஓட்டுகிறவன், கேலி பேசுவான். உள்ளே இருவரும் சீட்டாடினார்கள். டாக்டரம்மா கூசாமல் ஏமாற்றுவாள். வாடி போடி என்றுதான் பேச்சு. வாசலுக்கு வந்ததும் அது மேடம் ஆகிவிடும். இப்படி ஐந்து வருடம் போயிற்று. அந்த ஐந்து வருடத்தில் தையல்காரி அந்தக் கதவை ஒரு தடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை. சத்தம் வந்துவிட்டால், 'அங்கே என்ன உறவு கொண்டாடுகிறாய்' என்று தெற்கு வரிசை கேட்கும். வராவிட்டால், தான் போய்வந்தது வேலைக்குத்தான் என்று அவளுக்கே தெரிந்துவிடும். இரண்டில் எது மோசம் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

வடக்கு வரிசை மொத்தமும் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்த நாள். டாக்டரம்மா மட்டும் தலைவலி என்று தங்கிவிட்டாள். வழக்கமான நேரத்தில் மாடியிலிருந்து குரல் வரவில்லை. தையல்காரி தெருவைத் தாண்டிப் போய்ப் பார்த்தாள். கதவு தாழிட்டிருந்தது. காஸ் வாசனை அடித்தது. காற்றைவிடக் கனமானது அது. கதவின் அடியிடுக்கு வழியாகப் படியில் கண்ணுக்குத் தெரியாமல் வழிந்துகொண்டிருந்தது. கம்பி போட்ட ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தபோது, டாக்டரம்மா சோபாவில் தூங்குவது தெரிந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்க வேண்டும்.

ஆட்கள் கூடிவிட்டார்கள். வேன்காரன் வெளியே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தான். தச்சர் தட்டினார், கேட்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கல் எறிந்தார்கள். கல் பஞ்சுபோலப் பட்டு விழுந்தது. தச்சர் கோடாலியை எடுத்தார்.

"இரும்புத் தாழ்ப்பாள்ல பட்டுப் பொறி பறந்தா, அந்தம்மாவோட நாமளும் சேந்து போயிடுவோம்" என்று வேன்காரன் அவர் கையைப் பிடித்தான்.

"தானா முழிச்சு வரட்டும், காத்திருப்போம்" என்றார் ஒருவர்.

அப்படிக் காத்திருக்கக் கூடாது என்பது தையல்காரிக்கு மட்டும் தெரியும். டாக்டரம்மா கண் விழித்தால் முகம்கூடக் கழுவமாட்டாள். நேராகப் போய் காபிக்கு அடுப்பைப் பற்றவைப்பாள்.

சோபாவில் ஒரு கால் அசைந்தது. தையல்காரி படியேறிக் கதவைத் தட்டினாள். "மேடம், கதவத் திறங்க மேடம்." சத்தம் வரவில்லை. பின்னால் நின்றவர்களும் வருமென்று எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்கு அது ஒன்றுமில்லை. அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. உள்ளே டாக்டரம்மா புரண்டு எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டே சமையலறைப் பக்கம் திரும்பினாள். தையல்காரி இரண்டு கையாலும் கதவை அறைந்தாள்.

"அடியே சீட்டுக் கள்ளி! அடுப்பத் தொடாதடி! கதவத் தொறடி!"

முதல் எழுத்திலேயே கதவு இடிபோல அதிர்ந்தது. தெருக் கோடியில் தூங்கிய நாய்கள் எழுந்துகொண்டன. தாழ் விலகியது. டாக்டரம்மா தள்ளாடி வந்து அவள் தோளில் சாய்ந்தாள். தெற்கு வரிசை முழுவதும் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த வாரமே வடக்கு வரிசைப் பெண்கள் வெட்டாத துணிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். குழாயடியில் தையல்காரி குடத்தோடு வந்தால் பேச்சு நின்றது. "என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்" என்றான் வேன்காரன். மாடியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. டாக்டர் வீட்டு மாடிக் கதவு அடைத்தே கிடந்தது.

அடுத்த மாதம் ஒரு மதியம், டாக்டரம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கத் தெருவைக் கடந்து வந்து தையல்காரி வீட்டுக் கதவைத் தட்டினாள். சத்தம் வரவில்லை. ஐந்து வருடத்தில் அவள் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தையல்காரி மெஷினில் உட்கார்ந்தபடி, ஜன்னல் வழியாக அந்தக் கை மேலும் கீழும் போவதைப் பார்த்தாள். கையிலிருந்த தையலை ஓரம்வரை ஓட்டி, நூலை அறுத்துவிட்டுத்தான் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

"எவ்வளவு நேரமா தட்டறேன், பாத்துக்கிட்டே இருக்கியேடி!"

"பாத்தேன். கேக்கல. உள்ள வந்து உக்காரு."

அதற்குப் பிறகு டாக்டரம்மா தட்டினால் அந்த வீட்டில் கேட்கிறது. மற்றக் கதவுகள் முன்போலத்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் டாக்டர் வீட்டுத் தேக்குக் கதவு உப்பிக்கொள்ளும்போது, இழைக்க வருகிற தச்சர் தையல்காரியையும் கூட்டிக்கொண்டு வருகிறார். அவள் தட்டுகிறாள். கதவு திறந்ததும் அவள் உள்ளே போய் உட்கார்கிறாள். அவர் வாசலிலேயே நின்று வேலையைத் தொடங்குகிறார்.