டோனர் மேல் தப்பில்லை

லேசர் பிரிண்டரில் கோணலாக விழும் எந்த எழுத்தையும் நிமிர்த்தக்கூடியவன் இந்த உலகத்தில் தான் ஒருவனே என்று, 'எழுத்து டாக்டர்' என்ற பட்டத்தோடு அச்சுக்கடைக்காரன் பலகையில் எழுதி மாட்டிய அன்று மாலை, அவனுடைய பிரிண்டரிலிருந்து வந்த இரங்கல் அறிவிப்பில் எழுத்துகளெல்லாம் இடுப்பை வளைத்து ஆடிக்கொண்டிருந்தன. தாளை மேசையில் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கொம்புகள் அசைந்தன. இறந்தவர் கலகலப்பான மனிதர் என்பதால் குடும்பத்தார் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். கடையின் பெயர் அன்றைக்குத் தப்பியது.

மறுநாள் வந்த விடுப்பு விண்ணப்பத்தில் எழுத்துகள் ஒருக்களித்துப் படுத்திருந்தன. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீசில், சொல்ல வந்தது தாங்கள் அல்ல என்பது போல எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நின்றன. டாக்டர் அசரவில்லை. கணினியில் பிரிண்டரின் டிரைவர் மென்பொருளை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினான். டோனரைக் குலுக்கினான், டிரம்மைத் துடைத்தான். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து அனுப்பியபோது எழுத்துகள் உள்ளே இருந்தபடியே முரண்டு பிடித்தன. கடைசியில் பக்கத்தைப் படமாக மாற்றி அச்சிட்டான்; எல்லா எழுத்தும் முதுகைக் காட்டிக்கொண்டு எடுத்த குழுப்படம் வந்தது. சோதனைத் தாள் மட்டும் எப்போதும் கண்ணாடி போல விழுந்தது. அது பிரிண்டர் தன்னைப் பற்றிச் சொல்லும் தாள். அதற்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை முதலில் கவனித்தவள் அவனுடைய அக்கா. தட்டச்சு வேலை அவளுடையது. கடையில் பாதிப் பங்கு, பேச்சில் முக்கால் பங்கு. ஒரு நாள் அவள் காகிதத் தட்டின் பக்கம் குனிந்து, "இது கல்யாணப் பத்திரிகைப்பா. கொஞ்சம் சிரிச்ச முகமா வாங்க" என்றாள். வந்தன. சுழிகள் மலர்ந்து, கால்கள் நேராக, ஒன்றுகூடப் பிசகவில்லை. அதிலிருந்து எந்த வேலை வந்தாலும் என்ன விஷயம் என்று பிரிண்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். மனிதர்களிடம் வேலை சொல்லும்போதும் அப்படித்தானே சொல்கிறோம் என்பது அவள் கட்சி.

தம்பிக்கு மானம் போயிற்று. "பிரிண்டருக்குக் கதை சொல்றியா? அப்படியே ஸ்டேப்ளருக்குத் தாலாட்டும் பாடிடு, நல்லாத் தூங்கட்டும்."

"பாடுவேன்டா. அது உன்ன மாதிரி எதிர்த்துப் பேசாது."

கடைக்கு அடிக்கடி வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி மாணவியிடம் அவன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் வரும்போதெல்லாம் டீ வாங்கித் தருவான், மின்விசிறியை அவள் பக்கம் திருப்புவான், தன் திறமையைப் பற்றி இடைவிடாமல் பேசுவான். "பலகை மாட்டியே நீங்க டாக்டர் ஆயிட்டீங்க, நான்தான் இன்னும் ஆகல" என்று அவளும் சிரிப்பாள். அவளுடைய அத்தியாயங்களை அச்சிட்டுக் கொடுத்ததெல்லாம் அக்கா.

ஆய்வேட்டை முழுசாக ஒப்படைக்க வேண்டிய கடைசி நாளில் அக்கா பல் பிடுங்கப் போயிருந்தாள். மற்ற கடைகளில் வரிசை தெருமுனை வரை நின்றது. அன்று மாலை கல்லூரி அலுவலகம் மூடுவதற்குள் ஏடு போய்ச் சேராவிட்டால் மாணவியின் பதிவு ரத்தாகும். இத்தனை வருட உழைப்பைப் புதிதாகப் பதிவு செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான். எழுத்துகள் ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி, வரி எது, இடைவெளி எது என்று தெரியாமல் கரும்புள்ளிக் குவியலாக வந்தன. டிரைவர், டோனர், டிரம் எல்லாம் ஆயிற்று. சோதனைத் தாள் கண்ணாடி போல விழுந்து அவனைக் கேலி செய்தது. அக்காவுக்குப் போன் போட்டான். வாய் மரத்துப்போயிருந்ததால் மறுமுனையிலிருந்து ஓர் உறுமல் மட்டும் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாணவி டீயைத் தொடவில்லை.

அவன் அவள் முன்னால் வந்து நின்று தலையைச் சொறிந்தான். "தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ஆராய்ச்சி... எதைப் பத்தி?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தன டீ வாங்கித் தந்தீங்களே, ஒரு நாளாவது கேட்டீங்களா?"

கேட்டதில்லை. அதை ஒப்புக்கொண்டு அவன் தரையில் உட்கார்ந்தான். எறும்பு வரிசையின் குறுக்கே விரலால் தேய்த்துவிட்டால், கலைந்த எறும்புகள் மறுபடி எப்படி வரிசை சேருகின்றன என்பதுதான் ஆய்வு. முதலில் வேண்டாவெறுப்பாகத் தொடங்கியவள், பிறகு தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். கடிகாரம் இருப்பதை அவன் மறந்தான்.

"அப்போ புது வழிய யாரு கண்டுபிடிக்கறது? பெரிய எறும்பா?"

"இல்ல. பெரும்பாலும் நல்லா வழி தவறிப் போனதுதான்."

பைண்டிங் கடையில் சொல்லிவைக்கும்படி அவளை அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினான். தெருவில் தெரிந்தவர் யாரும் இல்லை என்று குனிந்து பார்த்துக்கொண்டான். பிறகு காகிதத் தட்டின் அருகே மண்டியிட்டு, அவள் சொன்னது அத்தனையும், தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவது உட்பட, பிரிண்டரிடம் சொன்னான். "எனக்காக வரவேணாம். அவங்களுக்காக வாங்க" என்று முடித்தான்.

எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக, புள்ளிகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, தாளுக்குத் தாள் இறங்கி நடந்து வந்தன. விரலால் தேய்க்கும் அத்தியாயத்தில் மட்டும் இரண்டு வரி கலைந்து, மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டன. பக்க அமைப்பு பொருளுக்குப் பொருத்தமாக இருப்பதாகத் தேர்வாளர்கள் பின்னாளில் குறிப்பு எழுதினார்கள். அலுவலகம் பூட்டு மாட்டும் நேரத்தில் ஏடு உள்ளே போயிற்று.

அவள் டாக்டரானாள். ஒரு வீட்டுக்கு ஒரு டாக்டர் போதும் என்று அக்கா பலகையைக் கழற்றிய வருடத்தில் தம்பிக்கும் அவளுக்குமான கல்யாணப் பத்திரிகையும் அச்சானது; அதில் எழுத்துகள் பல் தெரியச் சிரித்தன. இப்போது அந்தத் தெருவில் யாரும் பிரிண்டரிடம் விஷயத்தைச் சொல்லாமல் அச்சிடுவதில்லை. அதற்கு விளக்கம் கேட்பாரும் இல்லை.

போன வாரம் ஸ்டேப்ளர் பின்னைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. கடையில் யாரும் இல்லை. அவன் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை இரண்டு கையாலும் எடுத்துத் தோளில் சாய்த்து, மெல்லிய குரலில் ஆராரோ என்று தொடங்கினான்.