மூன்றாவது ஆளுக்கு இடமில்லை

மாஸ்டரும் அவர் மனைவியும் பேசிக்கொள்வதில்லை. அதற்காக வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். விடிந்தால் போதும், வாய் ஓயாது. எல்லாம் மகள் வழியாக.

"உங்கப்பாகிட்ட சொல்லு, காபி ஆறுதுன்னு."

"உங்கம்மாகிட்ட சொல்லு, எனக்கு ஆறின காபிதான் பிடிக்கும்னு."

இருவருக்கும் நடுவே ஒரு சாப்பாட்டு மேஜை அகலம்தான் இருக்கும். அந்தப் பெண் தலையைத் திருப்பித் திருப்பிச் சொல்லியே கழுத்து வலிக்காரி ஆனாள்.

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஊரில் பாதிப் பேருக்குக் கிளச் எது, பிரேக் எது என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். மனைவிக்கும் காட்டிக்கொடுத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மைத்துனர் வீட்டு விருந்தில், சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, "ஐயோ சைக்கிள், ஐயோ சைக்கிள்" என்று அவள் கற்றுக்கொண்ட லட்சணத்தை நடித்துக் காட்டினார். சொந்தபந்தம் மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மகளைக் கூப்பிட்டாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு, இனிமே எனக்கு அவர் ஒண்ணும் கத்துத்தர வேண்டாம்னு."

அன்று மூடிய கதவு, வருஷம் ஒன்றாகியும் திறக்கவில்லை.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை கிளம்புகிறாள். "நான் போனப்புறம் என்ன பண்ணப்போறீங்க? உப்பு வேணும்னா எனக்கு போன் போட்டுக் கேப்பீங்களா?" என்றாள். இருவரும் ஒரே நேரத்தில், "அவங்களையே கேளு" என்றார்கள். ஆனால் மாஸ்டருக்கு உள்ளுக்குள் உதறல்தான். திங்கட்கிழமை சாயங்காலம், மகள் இல்லாத அந்த வீட்டுக்குள் நுழைவதை நினைத்துப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. நேராக ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குள் அவளிடமிருந்து வாங்கிவிட வேண்டும்.

மகள் கெட்டிக்காரி. சனி, ஞாயிறு இரண்டு நாளைக்கு ஒரு பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்துவிட்டாள். பச்சை நிறம், மூக்கு நீளம், கூரை கிடையாது. முக்கியமாக, பின்சீட் கிடையாது.

"ரெண்டே ரெண்டு சீட்டுதான். நான் வரமுடியாது. எப்படியோ போங்க" என்று கையை விரித்துவிட்டாள்.

வண்டிக்காரர் சாவியைக் கொடுக்கும்போது பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். "கிளம்ப அடம்பிடிச்சா இந்த சோக்கை இழுங்க. சூடானதும் உள்ள தள்ளிடணும். கிளச் கொஞ்சம் கெட்டி..."

"தம்பி, நான் டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கேன்."

வண்டிக்காரர் மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். பாவம், அவருக்கென்ன தெரியும். மாஸ்டர் இருபது வருஷமாக வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், ஓட்டியதில்லை. ஓட்டுவது மாணவர்கள். காலையில் அவரை வீட்டிலிருந்து கூட்டிப்போவது ஒரு பாடம், மாலையில் கொண்டுவந்து விடுவது இன்னொரு பாடம். பக்கத்து சீட்டில் அவருக்கென்று வைத்திருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பதைத் தவிர அவர் கால்கள் எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தன.

சீட் தரையோடு தரையாக இருந்தது. மாஸ்டர் தம்மை இரண்டாக மடித்து உள்ளே திணித்துக்கொண்டார். ஸ்டியரிங் தொப்பையில் அழுந்தியது. வண்டி கேட்டைத் தாண்டும் முன்பே ஒருமுறை நின்றது. தெருமுனையில் ஒருமுறை, சிக்னலில் ஒருமுறை. பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைத்தது.

மனைவி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். ஊசி குத்தினாளா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது, மாஸ்டரைத் தவிர. அவருக்குக் குத்துவது மட்டும் நன்றாகவே தெரியும். பக்கத்து சீட்டிலிருந்து அவள் முன்பலகையை விரலால் தட்டினாள்.

"வண்டியே, சோக்கை உள்ள தள்ளச் சொல்லு."

மாஸ்டர் திடுக்கிட்டார். பிறகு அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. "வண்டியே, எனக்குத் தெரியும்னு சொல்லு."

போச்சு. மகள் அத்தனை யோசித்துப் போட்ட திட்டம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு மேடு. பாதி ஏறியதும் வண்டி நின்று, பின்னால் உருள ஆரம்பித்தது. மாஸ்டர் ஹேண்ட் பிரேக்கைத் தேடி அவள் முழங்காலைப் பிடித்தார். பின்னால் வந்த லாரி அலறியது. ஒருவழியாக நிறுத்தியதும் லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"மாஸ்டர், கிளச்சைப் பைய விடுங்க. நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே."

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் பார்த்தார். அவள் சிரித்திருக்கலாம். தட்டு எதுவும் கையில் இல்லாவிட்டாலும் நடித்துக் காட்டியிருக்கலாம். செய்யவில்லை. அது அவரை லாரி டிரைவரைவிட அதிகமாகச் சுட்டது. அவள் இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கம் நின்றாள்.

"வண்டியே, அவரை இறங்கச் சொல்லு."

இறங்கினார். அவள் உட்கார்ந்து, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, கிளச்சை அளந்து விட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் மேடேறியது.

"எங்க கத்துக்கிட்ட?" நேராகக் கேட்டுவிட்டோம் என்பதே அவருக்கு உறைக்கவில்லை.

"வண்டியே, எதிர்க்கடைலன்னு சொல்லு. லைசென்ஸும் வாங்கியாச்சுன்னு சொல்லு."

எதிர்க்கடை என்றால் மாஸ்டர் ஸ்கூலுக்கு நேர் எதிரே இருக்கும் ஸ்கூல். அதன் பெயர்ப்பலகையைப் பார்க்கப் பிடிக்காமல் மாஸ்டர் தம் நாற்காலியையே திருப்பிப் போட்டிருந்தார். அதனால்தான் இவள் போனதும் வந்ததும் கண்ணில் படவில்லை. அதை நினைத்ததும் கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"அன்னிக்கு நான் அப்படி நடிச்சிருக்கக் கூடாது" என்றார். "அத்தனை பேர் முன்னாடி. தப்பு என்மேலதான்."

அவள் பதில் சொல்லவில்லை. வண்டியிடம்கூடச் சொல்லவில்லை. கியரை மாற்றினாள். காற்று முகத்தில் அடித்தது. ஒவ்வொரு வளைவிலும் மாஸ்டரின் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே வந்தது.

அடுத்த திருப்பத்தில் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். மாஸ்டர் கண்ணை இறுக்கி மூடினார். இரண்டு காலாலும் தரையை ஓங்கி மிதித்தார்.

"ஐயோ சைக்கிள், ஐயோ சைக்கிள்."

வண்டி அழகாக நின்றது. சைக்கிள்காரர் தன்பாட்டுக்குப் போனார். மாஸ்டர் கண்ணைத் திறந்தபோது அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"காலை எடுங்க" என்றாள். "அங்க பிரேக் இல்ல."

வண்டியைக் கூப்பிடவில்லை. நேராக அவரிடம்.

மாஸ்டர் மறுபேச்சில்லாமல் காலை எடுத்துக்கொண்டார். அவள் மறுபடி வண்டியைக் கிளப்பினாள். கண்ணுக்கெட்டிய தூரம் சாலை நேராகக் கிடந்தது, ஒரு ஈ காக்காய் இல்லை. மாஸ்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு காலை நீட்டி, தரையை ஒரு மிதி மிதித்தார்.

"சொன்னா கேக்கவே மாட்டீங்களா?" என்றாள்.

மாஸ்டர் இன்னொரு மிதி மிதித்தார்.